மூச்சை மீட்டால் போதுமா? ஆளை மீட்க வேண்டாமா?

கர்நாடக மாநிலம், சாமராஜநகர் மாவட்டம், சுள்வாடி கிராமத்தில் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி கோயில் பிரசாதம் உண்டவர்கள் அடுத்த சில மணி நேரத்துக்குள் வாந்தியும் மயக்கமுமாகச் சரிந்தனர். பயிர்களுக்குத் தெளிக்கும் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி அதில் கலக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 17 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டனர். கவலைக்கிடமாக இருந்தவர்கள் மைசூரு கிருஷ்ணராஜேந்திரா அரசு மருத்துவமனைக்கும் அந்நகரின் தனியார் மருத்துவமனைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பலர் செயற்கை சுவாசக் கருவியான வென்டிலேட்டரில் வைக்கப்பட்டனர்.

இவ்வகைப் பூச்சிக்கொல்லி, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைக் குலைத்துவிடும். கை கால் மட்டுமன்றி, மூச்சை இழுக்கும் தசைகளும் அடங்கிப்போகும். முதல் தாக்குதலிலிருந்து தேறியவர்போலத் தோன்றுபவருக்கும், ஒரு நாள் முதல் நான்கு நாள்களுக்குள் மூச்சுத் தசைகள் திடீரெனச் செயலிழக்கக்கூடும் என்பதை 1987-இல் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரலியத்தவும் உலகுக்கு எடுத்துரைத்தனர். அந்த நிலையில் நோயாளியின் உயிரைக் காப்பது வென்டிலேட்டர் ஒன்றே. நச்சுப் பாம்பு தீண்டியவருக்கும், திடீர் நரம்பு வாதம் கண்டவருக்கும், நுரையீரலில் கடுமையான தொற்றுக்கு ஆளானவருக்கும் அதே நிலைதான்.

ஆகவே வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. வென்டிலேட்டரிலிருந்து விடுபட்ட பிறகு அந்த மனிதர் என்ன ஆகிறார் என்பதுதான் தில்லியில் இதுவரை எவரும் உரக்கக் கேட்காத கேள்வி.

எண்ணிக்கையில் முடிந்த விவாதம்

2020-ஆம் ஆண்டு கொரோனா தீநுண்மி நாட்டைத் தாக்கியபோது, இந்தியா முழுவதிலும் சுமார் 95,000 தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் சுமார் 48,000 வென்டிலேட்டர்களும் மட்டுமே இருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். மத்திய அரசு விழித்துக் கொண்டது. அதே ஆண்டு மே 13-ஆம் தேதி, பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 உள்நாட்டு வென்டிலேட்டர்கள் வாங்க ரூ. 2,000 கோடி ஒதுக்கப்படுவதாக அறிவிப்பு வெளியானது. அவற்றில் 30,000 கருவிகளைத் தயாரிக்கும் பொறுப்பு பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வசம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கான வடிவமைப்பை வழங்கியது மைசூருவைச் சேர்ந்த ஸ்கேன்ரே நிறுவனம். அரண்மனைக்கும் தசரா விழாவுக்கும் பெயர்பெற்ற நகரம், நாட்டின் மூச்சுக்கும் துணைநின்றது பெருமைக்குரியதே.

ஆனால் அடுத்த ஆண்டே அதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட கருவிகளில் பல பொருத்தப்படாமலும், இயக்கத் தெரிந்தவர் இல்லாமலும், பழுதாகியும் கிடப்பதாகப் புகார்கள் குவிந்தன. 2021 மே மாதம், மத்திய அரசு வழங்கிய வென்டிலேட்டர்கள் பொருத்தப்பட்டு இயங்குகின்றனவா என்று உடனடியாகத் தணிக்கை செய்யுமாறு பிரதமரே உத்தரவிட நேர்ந்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளையும் பழுதான கருவிகள் குறித்து விசாரித்தது.

எத்தனை கருவிகள் வாங்கப்பட்டன, எத்தனை இயங்குகின்றன, யாருக்கு எவ்வளவு பணம் தரப்பட்டது என்பதோடு அந்த விவாதம் முடிந்துவிட்டது. அவை நியாயமான கேள்விகள்தாம். ஆனால் கருவியில் வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் அதிலிருந்து விடுபட்டனர், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகு தங்கள் தொழிலுக்குத் திரும்பினர் என்று ஆளுங்கட்சியும் கேட்கவில்லை, எதிர்க்கட்சிகளும் கேட்கவில்லை.

ஓய்வே நோயாகும் தசை

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசையே மனிதனின் மூச்சை இழுக்கிறது. உறக்கத்திலும் விழிப்பிலும் ஓயாமல் இயங்கும் தசை அது. பிறந்த நொடி முதல் ஓய்வறியாத அந்தத் தசைக்கு வென்டிலேட்டர் முழு ஓய்வு கொடுத்துவிடுகிறது. இயல்பான சுவாசத்தில் உதரவிதானம் கீழிறங்குவதால் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கருவியோ காற்றை உள்ளே தள்ளுகிறது. நோயாளி ஆழ்மயக்கத்தில் இருந்தால், உதரவிதானத்துக்கு வேலையே இல்லை.

வேலையில்லாத தசை மெலியும் என்பது எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்ட எவருக்கும் தெரியும். கட்டைப் பிரிக்கும்போது கால் சூம்பியிருக்கும். உதரவிதானத்தில் அதே சூம்பல் எவ்வளவு விரைவில் நிகழ்கிறது என்பதுதான் மருத்துவ உலகையே திடுக்கிட வைத்தது. 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளைச்சாவடைந்து உறுப்புதானம் செய்த 14 பேரின் உதரவிதானத் தசையை ஆராய்ந்தனர். அவர்கள் 18 முதல் 69 மணி நேரம் வரை வென்டிலேட்டரில் இருந்தவர்கள். அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே கருவியில் இருந்த 8 பேருடன் ஒப்பிட்டபோது, அவர்களது தசைநார்களின் பருமன் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. அதாவது மூன்று நாள்களுக்குள் இந்தச் சேதம் நேர்ந்துவிடுகிறது.

உயிருடன் சிகிச்சை பெறுவோரிடமும் இது உறுதிசெய்யப்பட்டுள்ளது. 2015-இல் கனடாவின் டொரன்டோ ஆய்வாளர்கள் 107 நோயாளிகளின் உதரவிதானத்தை அல்ட்ரா சவுண்ட் மூலம் தினந்தோறும் அளந்தனர். ஒரு வாரத்துக்குள் 44 சதவீதம் பேருக்கு அதன் தடிமன் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. 12 சதவீதம் பேருக்கோ அது தடித்தது. கருவி போதிய துணை தராமல், தசை அளவுக்கு மீறிப் போராடினாலும் கேடு நேரக்கூடும் என்பதன் அறிகுறியாக இதனை ஆய்வாளர்கள் கண்டனர்.

இதிலிருந்து தெரிவது என்ன? மூச்சுத் தசைக்கு முழு ஓய்வும் ஆகாது. மிகையான உழைப்பும் ஆகாது. நோயாளியின் நிலையை நாள்தோறும் பார்த்து, கருவி தரும் துணையைச் சிறுகச் சிறுகக் குறைத்து, மூச்சை அவரிடமே திருப்பித் தர வேண்டும். நஞ்சுண்டவருக்குத் தசையை முடக்கியது நஞ்சே தவிர கருவியன்று என்பது உண்மை. ஆனால் நஞ்சின் வீரியம் தணிந்த பிறகும் அவர் மயக்கத்திலேயே கிடத்தப்பட்டால், எஞ்சிய வலுவையும் இழப்பார். எப்போது திருப்பித் தரலாம் என்று முடிவெடுப்பதற்குக் கருவியின் விலையோ விளம்பரமோ உதவாது. அருகிலிருந்து பார்த்து முடிவெடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

வீடு திரும்பிய பின்

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிருடன் வெளியே வந்தவரை மருத்துவமனைப் பதிவேடு குணமடைந்தவர் என்று எழுதிக்கொள்கிறது. குடும்பமும் அப்படியே நம்புகிறது. உண்மை நிலை வேறு.

நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மீண்ட 109 பேரை டொரன்டோ மருத்துவர் மார்கரெட் ஹெரிட்ஜ் தலைமையிலான குழு ஓராண்டுக் காலம் தொடர்ந்து கண்காணித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதினர். நுரையீரலின் கொள்ளளவு ஆறு மாதங்களில் ஏறத்தாழ இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஓராண்டுக்குப் பிறகும் ஆறு நிமிடங்களில் அவர்கள் நடந்த தூரம், அந்த வயதினர் நடக்க வேண்டிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. பாதிப்பேர் வேலைக்குத் திரும்பவில்லை. தங்களை முடக்கியது தசைத் தளர்ச்சியும் அயர்ச்சியுமே என்று அவர்கள் கூறினர். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அதே குழு மீண்டும் ஆராய்ந்தபோதும் நடைத்திறன் முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை. நோய் நுரையீரலுக்கு வந்தது; வடு உடல் முழுவதிலும் தசைகளில் தங்கியது.

தசையோடு இது நிற்பதில்லை. தொண்டை வழியே நாள்கணக்கில் குழாய் இருந்தவர்களுக்குக் குரல் கரகரத்துப்போகிறது. விழுங்குவதில் சிக்கல் ஏற்படுகிறது. உணவு புரையேறி நுரையீரலுக்குள் சென்றால் மீண்டும் நிமோனியா, மீண்டும் மருத்துவமனை. நினைவாற்றல் குறைவு, கொடுங்கனவு, மனச்சோர்வு ஆகியனவும் பலரைத் தொடர்கின்றன. இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்து, தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்த்தொகுப்பு எனத் தனிப் பெயரிட்டே 2012 முதல் மருத்துவ உலகம் வழங்கி வருகிறது.

இந்த ஆய்வுகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தவை. அங்கே நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வேலைக்குத் திரும்புவதற்கே பலருக்கு ஓராண்டு போதவில்லை என்றால், மைசூருவையும் சாமராஜநகரையும் சுற்றியுள்ள ஊர்களில் கரும்பு வெட்டியும் மண் சுமந்தும் பிழைப்பவரின் கதி என்ன? மருத்துவச் செலவுக்காக நகை அடகுக்குப் போயிருக்கும். உழைத்தவர் படுத்துக்கிடப்பார். அவரைக் கவனிக்க மனைவியோ மகளோ கூலி வேலையை நிறுத்துவார். பிள்ளையின் படிப்பு நிற்கும். ஒருவரின் மூச்சுத் தசை மெலிந்ததற்கான விலையை ஒரு குடும்பமே செலுத்துகிறது.

பதினைந்து நாள் கணக்கு

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. கடன்பட்டே சாக வேண்டும் என்ற நிலையைப் பல குடும்பங்களுக்கு மாற்றிய திட்டம் அது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பிறகு 15 நாள்களுக்கான மருந்து, பரிசோதனைச் செலவோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. தசை திரும்பத் தேவைப்படுவதோ மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்.

2022 ஏப்ரலில் தேசிய சுகாதார ஆணையம் திருத்தி வெளியிட்ட கட்டணப் பட்டியலையும் கவனிக்க வேண்டும். அதன்படி வென்டிலேட்டருடன் கூடிய தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு ரூ. 9,000, பொதுப் பிரிவுப் படுக்கைக்கு ரூ. 2,100. தீவிர சிகிச்சைக்கு ஆகும் செலவு அதிகம் என்பதால் இந்த உயர்வு தேவையானதே. ஆனால் கருவியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் உண்டு. கருவியிலிருந்து விரைவில் விடுவித்ததற்கு எந்த ஊக்கத்தொகையும் இல்லை. பணம் எங்கே பாய்கிறதோ அங்கேதான் கவனமும் பாயும். எந்த மருத்துவரும் இதற்காக நோயாளியை வேண்டுமென்றே கருவியில் வைத்திருப்பதாகக் கூற வேண்டியதில்லை. விடுவிக்கும் பணிக்குத் தேவையான ஆட்களை நியமிக்க நிர்வாகத்துக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை என்பதே இங்கே குறை.

ஆட்கள் எங்கே?

ஆழ்மயக்கத்தை நாள்தோறும் நிறுத்தி, நோயாளியை விழிக்கச் செய்வது எவ்வளவு பயன் தருகிறது என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டு சிகாகோவில் 128 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் மயக்கமருந்து நிறுத்தப்பட்டவர்கள் சராசரியாக 4.9 நாள்களில் கருவியிலிருந்து விடுபட்டனர், மற்றவர்களுக்கு 7.3 நாள்கள் ஆயின. 2008-இல் 336 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், மயக்கமருந்தை நிறுத்துவதோடு தாமாகச் சுவாசிக்கும் சோதனையையும் தினமும் சேர்த்தபோது ஓராண்டு இறப்பே குறைந்தது. 2009-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வென்டிலேட்டரில் இருக்கும்போதே இயன்முறைப் பயிற்சி தொடங்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர், வீடு திரும்பும்போது தங்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யும் நிலையில் இருந்தனர். அவ்வாறு தொடங்கப்படாதவர்களில் 35 சதவீதம் பேரே அந்நிலையை எட்டினர்.

இவற்றில் எதற்கும் புதிய மருந்து தேவையில்லை. இறக்குமதி இயந்திரமும் தேவையில்லை. விழித்த நோயாளி குழாயைப் பிடுங்கிவிடாமல் அருகில் நிற்கச் செவிலியர் வேண்டும். சுவாசச் சோதனையை நடத்தச் சுவாசத் தொழில்நுட்பர் வேண்டும். உட்காரவைத்து, எழுப்பி, நடக்கவைக்க இயன்முறை மருத்துவர் வேண்டும். ஒரு செவிலியர் பல நோயாளிகளைக் கவனிக்க வேண்டிய இடத்தில், எல்லோரையும் மயக்கத்தில் வைப்பதே எளிய வழியாகிவிடுகிறது. ஆள் பற்றாக்குறையின் விலை நோயாளியின் தசையிலிருந்து வசூலிக்கப்படுகிறது.

நவீன தீவிர சிகிச்சையின் தொடக்கமே மனிதக் கைகளில்தான் இருந்தது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியபோது கருவிகள் போதவில்லை. மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டிய வழியில், சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக நோயாளிகளின் அருகில் அமர்ந்து, காற்றுப்பையைக் கையால் அமுக்கி மூச்சளித்தனர். எண்ணற்றோர் பிழைத்தனர். அந்தக் கைகளின் வேலையைப் பின்னர் கருவி ஏற்றுக்கொண்டது. அருகில் ஓர் ஆள் இருந்து கவனிக்க வேண்டும் என்ற தேவையை எந்தக் கருவியும் ஏற்றுக்கொள்ளவில்லை.

நாடாளுமன்றம் இதை அறியாமலில்லை. இயன்முறை மருத்துவர், சுவாசத் தொழில்நுட்பர் உள்ளிட்ட பணியினரின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 2021-ஆம் ஆண்டிலேயே தேசிய இணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டத்தைச் செயல்படுத்துமாறு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. கருவிக்கான கொள்முதல் ஆணை சில வாரங்களில் பிறந்தது. கருவியை இயக்குபவருக்கான சட்டம் மூன்றாண்டுகள் தூங்கியது.

இன்னொன்றும் இங்கே பொருந்தும். 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் சுகாதார உள்கட்டமைப்புத் திட்டத்தின் கீழ், நாட்டின் 602 மாவட்டங்களில் தீவிர சிகிச்சைக் கட்டடத் தொகுதிகளை அமைக்க மத்திய அரசு முடிவு செய்தது. இதனால் மாவட்டத் தலைநகரங்களுக்கும் வென்டிலேட்டர் வருகிறது. வரவேற்க வேண்டிய முடிவு. அந்தக் கட்டடங்களில் எத்தனை படுக்கை என்பதோடு, எத்தனை இயன்முறை மருத்துவர் என்பதும் திட்ட அறிக்கையில் கட்டாயமாக இடம்பெற வேண்டும்.

மைசூருவில் எல்லாம் உண்டு

இந்தக் குறையைப் போக்க என்ன செய்யலாம் என்பதை நாட்டுக்குக் காட்ட மைசூருவைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. 1924-இல் தொடங்கப்பட்ட மைசூரு மருத்துவக் கல்லூரி அங்கே உள்ளது. அதன் கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனைக்கு அக்கம்பக்கத்து மாவட்டங்களின் ஏழைகள் வருகின்றனர். வென்டிலேட்டரை வடிவமைத்த தொழில்நுட்பமும் அங்கே உள்ளது.

இவற்றோடு, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 1960-களின் நடுப்பகுதி முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் மைசூருவில்தான் இருக்கிறது. குழாய் எடுக்கப்பட்ட பிறகு குரலை மீட்கவும், பாதுகாப்பாக விழுங்கக் கற்பிக்கவும் வல்ல நிபுணர்களை நாட்டுக்கு உருவாக்கித் தரும் நிறுவனம் அது. தீவிர சிகிச்சையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு நோயாளியும் இந்நிபுணர்களால் பரிசோதிக்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்வதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. தில்லியிலும் பெங்களூரிலும் இரண்டு கையொப்பங்கள் போதும்.

மெதுவாகத் தேறுவோருக்கு இடமளிக்கும் மரபும் மைசூருவுக்குப் புதிதல்ல. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், காசநோய்க்குப் பலியான இளவரசி கிருஷ்ணாஜம்மணியின் நினைவாக அங்கே ஒரு சானடோரியம் எழுப்பப்பட்டது. தமிழகத்தில் 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். நல்ல காற்று, நல்ல உணவு, அளவான உடற்பயிற்சி ஆகியவற்றோடு மாதக்கணக்கில் நோயாளியை வைத்துத் தேற்றி அனுப்ப வேண்டும் என்று அன்றைய ஆட்சியாளர்களும் மருத்துவர்களும் நினைத்தனர். காசநோய்க்கு மருந்து வந்ததும் சானடோரியத்தின் தேவை குறைந்தது. ஆனால் தேறுவதற்குக் காலம் வேண்டும் என்ற எண்ணத்தையும் அதனுடன் சேர்த்து அரசுகள் மூட்டைகட்டிவிட்டன.

வீட்டுக்கே சென்று சிகிச்சையளிக்கும் முறைக்குத் தமிழகம் வழிகாட்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுவாசலுக்குச் செல்லும் பணிகளாகச் சேர்க்கப்பட்டன. அதே ஏற்பாட்டில், வென்டிலேட்டரிலிருந்து மீண்டவர்களின் பட்டியலையும் இணைத்தால் போதும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1960-களிலேயே மறுவாழ்வுக்கெனத் தனி நிலையம் கண்டது. வழி தெரியாத நாடல்ல இது.

முதலில் உயிர், பிறகுதான் மற்றவை?

மாவட்ட மருத்துவமனைகளில் ஆக்சிஜனே இல்லாமல் மக்கள் சாகும்போது, தசையைப் பற்றியும் குரலைப் பற்றியும் பேசுவது ஆடம்பரமல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2021 மே 2-ஆம் தேதி இரவையொட்டிச் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 நோயாளிகள் உயிரிழந்தனர். மைசூருவிலிருந்து வர வேண்டிய ஆக்சிஜன் உரிய நேரத்தில் போதிய அளவு வராதது குறித்து இரு மாவட்ட நிர்வாகங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்த குழு, ஆக்சிஜன் பற்றாக்குறையே உயிரிழப்புக்கு வழிவகுத்ததாகக் கூறியது. அந்தக் குடும்பங்களிடம் போய் மறுவாழ்வைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. 7.3 நாள்கள் கருவியில் இருக்க வேண்டியவர் 4.9 நாள்களில் விடுபட்டால், அதே கருவி அடுத்த நோயாளிக்குக் கிடைக்கிறது. பற்றாக்குறை நிலவும் நாட்டில், ஒரு நோயாளியை விரைவாக விடுவிப்பது இன்னொரு படுக்கையை உருவாக்குவதற்குச் சமம். விழுங்கும் பயிற்சி அளிக்கப்பட்டவர் நிமோனியாவுடன் திரும்பி வராவிட்டால், அந்தப் படுக்கையும் மிச்சமாகிறது. பல லட்சம் ரூபாய் செலவிட்டுக் காப்பாற்றிய உயிரை, சில ஆயிரம் ரூபாய்ப் பயிற்சி இல்லாமல் முடங்கவிடுவதுதான் உண்மையில் ஆடம்பரம். உள்ளதைக் கொண்டு அதிகம் பேரைக் காப்பாற்ற வேண்டிய ஏழை நாட்டுக்கே இது மிகவும் தேவை.

இன்னோர் அச்சத்தையும் இது போக்கும். வென்டிலேட்டரில் வைத்தால் ஆள் திரும்ப மாட்டார், பணத்துக்காகவே வைக்கிறார்கள் என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த அச்சத்தால் சிகிச்சையைத் தாமதப்படுத்துவோரும், பாதியில் வீட்டுக்குக் கொண்டுசெல்வோரும் உண்டு. எத்தனை பேர் கருவியிலிருந்து விடுபட்டனர் என்ற கணக்கு ஊரறிய வெளியானால், நல்ல மருத்துவமனைக்கு நம்பிக்கை கூடும். மற்றவற்றுக்குப் பொறுப்பு கூடும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, வென்டிலேட்டர் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையும், தகுந்த நோயாளிகளுக்கு நாள்தோறும் மயக்கத்தை நிறுத்தி, தாமாகச் சுவாசிக்கும் சோதனையை நடத்திப் பதிவுசெய்ய வேண்டும் என்பதைக் காப்பீட்டுப் பணம் வழங்குவதற்கான நிபந்தனையாக்க வேண்டும். அதற்கேற்பச் செவிலியர், இயன்முறை மருத்துவர், சுவாசத் தொழில்நுட்பர் பணியிடங்கள் படுக்கைகளின் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 15 நாள் வரம்பை, வென்டிலேட்டரிலிருந்து மீண்டவர்களுக்கு மட்டுமாவது ஆறு மாதங்களாக நீட்டிக்க வேண்டும். இயன்முறைப் பயிற்சி, குரல் மற்றும் விழுங்கல் பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவை அதில் அடங்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு மருத்துவமனையும் வென்டிலேட்டரில் வைத்தவர்கள் எத்தனை பேர், விடுபட்டவர்கள் எத்தனை பேர், 90 நாள்களுக்குப் பிறகும் ஓராண்டுக்குப் பிறகும் உயிருடன் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலைக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற நான்கு எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதனை மைசூருவில் முன்னோட்டமாகத் தொடங்கலாம்.

இவற்றுக்காகக் குரல் கொடுப்பார் யார் என்பதே எஞ்சியுள்ள கேள்வி. கருவி விற்பவர்களுக்குச் சங்கம் உண்டு. மருத்துவமனை நடத்துபவர்களுக்குச் சங்கம் உண்டு. மருத்துவர்களுக்கும் சங்கம் உண்டு. மாடிப்படி ஏற மூச்சில்லாமல் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்குச் சங்கம் இல்லை. அவருக்கு இருப்பது வாக்குச்சீட்டும், அவர் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினரும்தான்.

எத்தனை வென்டிலேட்டர்கள் வாங்கப்பட்டன என்று கேட்டுப் பதில் பெறுவது நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பழகிப்போன கேள்வி. கட்சி வேறுபாடின்றித் தமிழக, கர்நாடக உறுப்பினர்களில் ஒருவராவது எழுந்து, அவற்றிலிருந்து எத்தனை பேர் மீண்டு நடந்து வீடு சென்றனர் என்று சுகாதார அமைச்சரிடம் கேட்கட்டும். அந்த எண் அமைச்சகத்திடம் இல்லையென்றால், அதைத் திரட்டும் பணி அன்றே தொடங்கட்டும்.